கால் முளைத்த இழப்பு

உலகத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் ஒரு பொருளைச் சோதிப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு சோதிப்பார். முட்டையை எடுப்பார், இடது இமையின் மேல் வைப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு முட்டையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, "வெதுவெதுன்னு இருக்கு" என்பார். அவருக்கு அதற்கு மேல் ஒரு சந்தோஷம் கிடையாது. உடம்பு எப்படி, வியாபாரம் எப்படி, வீட்டில் எப்படி என்று எதைக் கேட்டாலும் இதே பதில்தான். அதனால் தெரு கூடி அவருக்கு வெதுவெது என்று பெயர் வைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்திவந்தார். சுவரோரம் முட்டைத் தட்டு அடுக்கிய மர அலமாரிகள், வெளியே முட்டையிடும் கோழிகளுக்கு ஒரு வலைக்கூண்டு. முட்டைக்குத் தேவை மூன்று வாரத்துக்கு மாறாத சூடு. அதற்கு ஒரு காலத்தில் ஹீட்டர் வைத்திருந்தார். அது கரண்டைத் தின்றது, சூட்டைக் கக்கியது, அவ்வளவுதான். பிறகு பழைய இரும்புக் கடையில் ஒரு பெட்டி அகப்பட்டது. கிரிப்டோ நாணயம் தோண்டும் பெட்டியாம்.

தோண்டுவது என்றதும் கடப்பாரையைத் தேட வேண்டாம். பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் சில்லு உட்கார்ந்து யாருக்கும் வேண்டாத கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டே இருக்கும். உலகத்தில் இருக்கிற அத்தனை பெட்டிகளும் அதே கணக்கைத்தான் போடும். முதலில் போட்டு முடிக்கிற பெட்டிக்கு நாணயம். மற்ற பெட்டிகளுக்குச் சூடு. இந்தப் பெட்டி கிழடுதட்டியது, முதலில் வருவது அதன் தலையெழுத்திலேயே இல்லை. ஆனால் தோற்றுப்போன எல்லோருடைய சூட்டையும் தான் ஒருவனே சுமப்பதுபோலக் கொதித்தது. ஓடும்போது டிராக்டர் மாதிரிச் சத்தம் போடும். வெதுவெது அதற்கு உறுமி என்று பெயரிட்டார். ஹீட்டர் கொடுத்த அதே சூடு. எப்போதாவது, கூட்டுச் சேர்ந்து தோண்டிய பங்காக, ஒரு நாணயத்தின் தூசி விழுந்தால் கோழித்தீவனத்துக்கு ஆச்சு. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

வீட்டில் மனைவி இருந்தாள், மனைவியின் தம்பியும் இருந்தான். மச்சினனுக்கு வேலை, நாணயத்தின் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கட்டிலில் படுத்தபடி போனில் பார்ப்பது. அவனிடம் ஒரு நாணயமும் இல்லை. இருந்தாலும் விலை இறங்கினால் அன்றைக்குச் சாப்பிடமாட்டான். ஏறினால் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவான்.

இந்தச் சமயத்தில்தான் சிக்கன வாரியம் அவதரித்தது. முழுப்பெயர், நாணய அகழ்வுக் கருவிகள் மின்சிக்கன மற்றும் நியாயவிலை நிர்ணய உயர்நிலை வாரியம். பெயரைக் கட்டிடத்தின் நெற்றியில் விளக்கெழுத்தில் பதித்திருந்தார்கள். பட்டப்பகலிலும் எரியும். எதிர் மாடியில் குடியிருந்தவர்கள் தூங்குவதற்குக் கண்ணில் துணி கட்டிக்கொள்ளப் பழகினார்கள். எந்தப் புதுப் பெட்டி எவ்வளவு குறைவாகக் கரண்ட் தின்கிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுப்பதும், அதற்கு விலை வைப்பதும், நட்சத்திரம் இல்லாத பழைய பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு போவதும் வாரியத்தின் வேலை. 'இழப்பே எதிரி' என்பது அதன் வாசகம்.

வாரியத்தின் அளவையாளர் தெருவுக்கு வருகிறார் என்று முதல் நாளே செய்தி பரவிவிட்டது. தையற்கடைக்காரர் நாணயம் தோண்டும் தன் பெட்டியின் தலையில் ஐஸ்கட்டி மூட்டையை வைத்தார். பல் வைத்தியர் தன் பெட்டியை அணைத்துவிட்டு அது ஓடுகிற மாதிரி வாயாலேயே ஓசை கொடுத்தார். அவருக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது.

வெதுவெதுக்கு இந்தச் சூதெல்லாம் தெரியாது. வந்தவருக்கு வீட்டில் இருக்கிற நல்ல பொருளைக் காட்டுவதுதானே மரியாதை.

"வாங்க சார், தொட்டுப் பாருங்க. பயப்படாம வைங்க கையை. இந்த ஊர்லயே இப்படிச் சூடு தர்ற பெட்டி வேற கிடையாது."

அளவையாளர் கையை வைத்தார். எடுத்தார். விரல்களை ஊதிக்கொண்டார்.

"என்னய்யா இது?"

"சூடு சார்."

"சூடுன்னு ஒண்ணு கிடையாது. இதுக்குப் பேரு இழப்பு."

"இருக்கட்டும் சார். எனக்கு அதுதான் வேணும்."

"எது வேணும்?"

"இழப்பு."

அளவையாளர் எத்தனையோ மின்திருடர்களைப் பார்த்தவர். காலில் விழுந்தவர்கள் உண்டு, கையில் திணித்தவர்கள் உண்டு. இழப்புதான் வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டவனை அவர் பார்த்ததில்லை. கதவோரம் நின்ற மனைவி, "ஏங்க, வாயைக் கொஞ்சம் மூடறீங்களா" என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் போன தடவை பொரித்ததில் விற்காமல் தங்கிய குஞ்சு ஒன்று அளவையாளரின் ஷூவைக் கொத்திப் பார்த்தது.

"இது என்ன?"

"கோழிக்குஞ்சு சார்."

"எப்படி வந்துச்சு?"

"சூட்டுல வந்துச்சு."

"அதாவது, இழப்புல வந்துச்சு."

"அப்படியும் வச்சுக்கலாம்."

"வச்சுக்க முடியாது." அளவையாளர் குனிந்து அளவுமானியைக் குஞ்சின் முதுகில் வைத்தார். முள் நகர்ந்தது. அவர் முகத்தில் ஒரு விஞ்ஞானியின் பரவசம் வந்தது. "இத்தனை வருஷமா இழப்பைக் கையால பிடிக்க முடியலைன்னு தலைவர் சொல்லிட்டிருந்தாரு. காத்துல போயிடும். இங்க பாத்தா கால் முளைச்சு நடக்குது! இதையெல்லாம் என்ன பண்றீங்க?"

"விக்கிறேன் சார்."

"எங்கெல்லாம்?"

"ஊரெல்லாம்."

"இழப்பை ஊரெல்லாம் பரப்பியிருக்கீங்க" என்று அளவையாளர் மெதுவாகச் சொன்னார். உறுமியின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டினார். வார முடிவில் ஆட்கள் வந்து அதை எடுத்துப் போவார்கள், அதற்கு முன் ஐந்து நட்சத்திரப் பனித்துளி மாடல் வாங்கியாக வேண்டும், வாங்காதவர்களின் கரண்ட் அறுக்கப்படும். குஞ்சைச் சாட்சியாகப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

தட்டுகளில் முட்டை ஏறி அப்போதுதான் ஒரு வாரம் ஆகியிருந்தது. கையிருப்பை எல்லாம் கொட்டி ஏற்றிய ஈடு. அது பொரித்தால் வீட்டில் அடுப்பு எரியும், பொரிக்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டுத் தெருவைப் பார்க்க வேண்டியதுதான். வெதுவெது ஒரு முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்தார். உள்ளே சிவப்பு நூல்களாக நரம்பு படர்ந்து, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

வாரியத்துக்குள் நுழைந்ததும் பல் கிட்டியது. கூடத்தின் நடுவில் பனித்துளி மாடலைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் யாராவது தவறித் தொட்டாலும் அது சில்லென்று இருக்க வேண்டுமே. அதனால் ஏழு மாடிக்கும் ஏசியை உச்சத்தில் வைத்திருந்தார்கள். ஊழியர்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக் கையுறையோடு தட்டச்சு செய்தார்கள். ஒரு எழுத்தை அடித்தால் மூன்று எழுத்து விழுந்தது. அதனால்தான் வாரியத்தின் ஆணைகள் அவ்வளவு நீளம்.

விலை அதிகாரி ஒரு அம்மாள். சால்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"உங்க பழைய பெட்டி எவ்வளவு தின்னுது?"

"நிறையம்மா."

"பனித்துளி எவ்வளவு தின்னும்?"

"கொஞ்சம்னு சொல்றாங்க."

"நிறையத்துல கொஞ்சத்தைக் கழிச்சா?"

"மிச்சம்."

"அதுதான் விலை. ஒரு பெட்டியோட ஆயுசுக்கும் உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகுமோ, அதை முன்கூட்டியே கட்டிடணும்."

வெதுவெது விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப எனக்கு என்னம்மா மிச்சம்?"

"மிச்சத்தைத்தான் எங்ககிட்ட கட்டிடறீங்களே."

"அடுத்த தெருக்காரர் பாதி விலைக்கு வாங்கினாராமே?"

"அவர் பெட்டி சுமாரான பெட்டி. மிச்சம் கம்மி, அதனால விலை கம்மி. உங்க பெட்டி படுமோசம். கொடுத்துவச்சவர் நீங்க. இந்த வருஷத்துலயே பெரிய மிச்சம் உங்களுதுதான்."

"கொஞ்சம் பொறுத்து வாங்கினா விலை குறையுமா? புது மாடல் ஏதோ வருதாமே."

"புது மாடல் வந்தா இது அனுபவப்பட்ட மாடல் ஆயிடும். ஏறும்."

"வராட்டி?"

"அப்ப இதுதானே கடைசி மாடல். ஏறும்."

"நாணயத்தோட விலை விழுந்துட்டா?"

"அந்த மாதிரிக் கஷ்டகாலத்துலதான் சிக்கனம் முக்கியம். ரொம்ப ஏறும்."

"இறங்கவே இறங்காதாம்மா?"

"இறங்கும், இறங்கும்" என்று அந்த அம்மாள் ஆறுதலாகச் சொன்னாள். "நீங்க வாங்கின மறுநாள் இறங்கும்."

வெதுவெது குரலைத் தாழ்த்தினார். "பெட்டியே வேணாம்மா. ஒரு சின்ன ஹீட்டர் மட்டும் வச்சுக்கிறேன்."

கூடம் முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றது. விலை அதிகாரி நாலுபக்கமும் பார்த்துவிட்டு, சால்வைக்குள் மூக்கையும் இழுத்துக்கொண்டாள். "அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க. நூத்துக்கு நூறும் இழப்புங்க அது. வீட்டுல பெரியவங்க யாரும் சொல்லித் தரலையா? நேரா தலைவரைப் போய்ப் பாருங்க."

தலைவரின் அறை வாசலிலேயே ஒரு இதமான காற்று வந்து வெதுவெதுவைத் தழுவியது. வாரியத்திலேயே ஸ்வெட்டர் போடாதவர் தலைவர் ஒருவர்தான். அரைக்கைச் சட்டை, சிவந்த கன்னம், நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மேசைக்குக் கீழே ஏதோ உறுமியது. கோட்டைச் சுவர் மாதிரி மேசை என்பதால் உள்ளே இருப்பது தெரியவில்லை.

"உட்காருங்க. நீங்கதானே அந்தக் கால் முளைச்ச இழப்புக்காரர்? குஞ்சு வந்துச்சு. அன்னைக்கே குழு போட்டு ஆராய்ஞ்சோம். நல்ல ருசி." தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணு புரிஞ்சுக்கணும் நீங்க. நான் பதவிக்கு வந்தப்ப ஐந்து நட்சத்திரப் பெட்டி ஒண்ணுகூட இல்ல. இன்னைக்கு வர்ற பெட்டி எல்லாமே ஐந்து நட்சத்திரம். எப்படி முடிஞ்சுது? அளக்கிறப்ப பிளக்கைப் பிடுங்கிட்டோம். அவ்வளவுதான்! இவ்வளவு எளிமையான யோசனை எனக்கு முன்னாடி இருந்த படிச்ச முட்டாள்கள் ஒருத்தனுக்கும் தோணலை."

"ஆனா சார், ஓட்டறப்ப தின்னுமே?"

"ஓட்டறது உங்க சொந்தப் பழக்கம். குடும்ப விஷயத்துல வாரியம் தலையிடாது." தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மனசுவிட்டுச் சொல்றேன். இந்தப் பெட்டி உள்ள என்ன செய்யுதுன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். தெரிஞ்சா பாரபட்சம் வந்துடும்."

"சார், கீழ ஏதோ உறுமுது."

"பறிமுதல் பண்ணின பழைய பெட்டி. தப்பு செஞ்சதைத் தனியா விடக்கூடாது பாருங்க. என்னோட நேரடிக் கண்காணிப்புல வச்சிருக்கேன்." மேசைக்கடியில் தலைவர் காலை மாற்றிப் போடுகிற சத்தம் கேட்டது. "துணைத்தலைவரும் ஒண்ணு கேட்டுட்டே இருக்காரு. அவர் காலுக்கு இன்னும் அந்தப் பொறுப்பு வரலை."

வெதுவெது எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "ஒரு வாரம் ஓடிடுச்சு, இன்னும் ரெண்டே வாரம் சார். இந்த ஈடு மட்டும் பொரிக்கட்டும். அப்புறம் நானே உறுமியைத் தலையில தூக்கிட்டு வந்து கொடுத்துடறேன்."

"ஒரு முட்டைக்கு மூணு வாரமா?" தலைவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "இதைவிட வீண் உண்டா? முட்டையா இருக்கிறப்பவே சாப்பிட்டா ரெண்டு நிமிஷம்தானே!"

வார முடிவுக்குள் வெதுவெது வலைக்கூண்டிலிருந்த கோழிகளை விற்றார். பனித்துளியின் விலைக்கு அது பாதிதான் வந்தது. மனைவி கழுத்திலிருந்ததும் போனது.

"முட்டை போடற கோழியை வித்து முட்டையைக் காப்பாத்தறீங்க" என்றாள் அவள். "அந்த முட்டை கோழியாகும். அதை வித்து அடுத்த பெட்டி வாங்கலாம். நடுவுல நாம எதைத் திங்கிறது?"

"புதுப்பெட்டியும் கொஞ்சமாவது சுடாம போகாது. பொரிக்கட்டும்டி. பொரிச்சா எல்லாம் சரியாயிடும்."

"மாமா, நாணயம் ஏறுது" என்று கட்டிலிலிருந்து மச்சினன் கூவினான். "அக்கா, சாப்பாடு போடு."

பனித்துளி குளிரூட்டிய வண்டியில் வந்து இறங்கியது. அளவையாளர் ரிப்பன் வெட்டினார், தெரு கைதட்டியது, பல் வைத்தியர் பொறாமைப்பட்டார். நான்கு பேர் உறுமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அணைத்த பிறகும் அதன் தகரத்தில் சூடு இருந்ததால் வழியெல்லாம் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினார்கள். புதுப்பெட்டி சத்தமே இல்லாமல் ஓடியது. வெதுவெது குனிந்து அதன் மேல் இமையை வைத்தார். தவளையின் வயிற்றில் வைத்த மாதிரி இருந்தது. முட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார். அது இன்னும் சூடாக இருந்தது. ஆனால் நேற்றைய சூடு இல்லை.

வாரியத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"வணக்கம், இழப்பே எதிரி" என்றது ஒரு பெண்குரல்.

"அம்மா, பெட்டி சூடாகவே மாட்டேங்குது."

"வாழ்த்துகள் சார்!"

"இல்லம்மா, புகார் பண்றேன். கொஞ்சம்கூடச் சூடு இல்ல."

"ரொம்ப சந்தோஷம் சார். உங்களை மாதிரி மனசாரப் பாராட்டறவங்க கம்மி."

"முட்டை செத்துப்போயிடும்மா!"

"உங்க மகிழ்ச்சிக்கு ஒண்ணுல இருந்து ஐந்து வரைக்கும் ஒரு எண்ணை அழுத்துங்க சார்."

அவசரத்தில் எதையோ அழுத்தினார். அது ஐந்தாக இருந்தது. மறுநாள் 'திருப்தியடைந்த பயனாளி' என்று அவருடைய ரசீதுப் பெயரோடு பெரிய பலகை ஒன்று தெருமுனையில் எழுந்தது. அதற்கும் விளக்குப் போட்டிருந்தார்கள்.

தட்டு தட்டாக முட்டைகள் ஆறின. விளக்குக்கு எதிரே பிடித்தால் நரம்புகள் மங்கித் திட்டாகத் தெரிந்தன, புள்ளி துடிக்கவில்லை. அடுப்பை மூட்டலாம் என்றால் விறகு வாங்க வழியில்லை. வெதுவெது கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கொட்டகைத் தரையில் வைக்கோலைப் பரப்பினார். உயிர் மிச்சமிருந்த முட்டைகளை அதில் அடுக்கினார். வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து போட்டு, நடுவில் தானே படுத்துக்கொண்டார். தொடையிடுக்கில் சில, வயிற்றோரம் சில, அக்குளில் ஒன்று. உடம்பு ஆறும்போது எழுந்து நூறு தோப்புக்கரணம் போடுவார், மூச்சிரைக்க மறுபடி படுத்துக்கொள்வார். சோறு இல்லை. மனைவி சுள்ளி பொறுக்கிப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் அவளும் படுத்துப் பார்த்தாள்.

"தம்பி, நீயும் வந்து இந்தப் பக்கம் படேன். சும்மாதானே படுத்திருக்க, இங்க படுத்தா என்ன?"

"அங்க சிக்னல் வராதுக்கா."

ஆச்சரியம் என்னவென்றால், முட்டைகள் பிழைத்தன. நாள் நெருங்க நெருங்க ஓட்டுக்குள் அசைவு கேட்டது. வெதுவெது காய்ந்து கருவாடாகியிருந்தார், ஆனால் முகத்தில் மட்டும் தாய்க்களை வந்துவிட்டது.

அன்றைக்கு மதியம் அளவையாளர் வந்தார். வாரியம் வெப்பத்தைப் படம்பிடிக்கிற கேமரா வாங்கியிருந்தது. ஊர் முழுக்கக் குளிர்ந்து நீலமாகத் தெரிய, இந்தக் கொட்டகையில் மட்டும் ஆள் நீளத்துக்கு ஒரு சிவப்பு.

"ஒளிச்சு வச்ச ஹீட்டர் எங்க?" என்று போர்வையை விலக்கினார். கீழே வெதுவெது முட்டையோடு சிரித்தார்.

அளவையாளர் கோபப்படவில்லை. கடமையைத்தான் செய்தார். மானியை நெற்றியில் வைத்தார், வயிற்றில் வைத்தார். "நல்ல பல்பு ஒண்ணு எரியற அளவுக்குச் சூடு வருது. எப்பத்திலிருந்து ஓடிட்டிருக்கீங்க?"

"பொறந்ததுல இருந்து சார்."

"நடுவுல நிறுத்தினதே இல்ல?"

"இல்ல சார்."

"நாணயம் ஏதாவது?"

"ஒண்ணும் தேறலை சார்."

"பதிவு பண்ணாத பழைய மாடல்" என்று அளவையாளர் அறிவித்து, சிவப்புச் சீட்டை நக்கி அவர் நெற்றியில் ஒட்டினார். கையோடு கையாகக் கட்டிலில் கிடந்த மச்சினனுக்கும் மானியை வைத்தார். முள் அசையவே இல்லை. அன்றைக்கு விலை இறங்கியிருந்ததால் மச்சினன் மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தான். அளவையாளர் கண்கலங்கி அவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். "அம்மா, வீட்டுக்குள்ளேயே பனித்துளியை வச்சுக்கிட்டு வெளியில தேடியிருக்கீங்களே! இவரை எடுத்துட்டுப் போறோம். இவர் இடத்துல அவரைப் பதிவு பண்ணிக்குங்க."

 வாரியத்தோடு பழகியவர்கள் எல்லோருக்கும் முதலில் வருகிற கேள்விதான் மனைவிக்கும் வந்தது. "விலை எவ்வளவு?"

"அதே கணக்குதாம்மா. இவர் தின்றதுல அவர் தின்றதைக் கழிக்கணும்."

"இவர் தின்னு பத்து நாளாச்சுங்க. வெறும் வெந்நீர். அவன் விலை ஏறினா ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான்."

அளவையாளர் கழித்தார். மறுபடி கழித்தார். "பூஜ்யத்துக்குக் கீழ போகுது. வாரியம் யாருக்கும் கொடுக்கிற வழக்கமில்ல. பூஜ்யம்னே வச்சுக்கலாம். இலவசம்."

"அங்க இவருக்குச் சாப்பாடு போடுவீங்களா?"

"மூணு வேளையும் கேன்டீன்ல இருந்து. சூடு குறையக்கூடாதே."

அவள் கொட்டகையைப் பார்த்தாள், காலியான கூண்டைப் பார்த்தாள், புருஷனின் விலா எலும்புகளைப் பார்த்தாள். சேலைத்தலைப்பால் மூக்கைச் சிந்தினாள்.

"போயிட்டு வாங்க. இங்க இருந்தா செத்துடுவீங்க. அங்க சோறாவது போடறாங்க."

"முட்டைடி..."

"தம்பி படுத்துக்குவான்."

தம்பி படுத்துக்கொண்டான். அது உண்மை. வாரியத்தின் ஆணைப்படி அவனைக் கட்டிலோடு தூக்கி வந்து வைக்கோல் நடுவில் வைத்தார்கள். சிக்னலுக்காகக் கொட்டகையின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தான். மின்விசிறியும் போட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் வாடை தாங்காமல் எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டினார்கள்.

எல்லாவற்றையும் என்றால், ஒன்று தவிர. வெதுவெது போகும்போது கையைத் தூக்கி யாருக்கும் டாட்டா காட்டவில்லை. அக்குளில் ஒரு முட்டை இருந்தது.

தலைவரின் மேசைக்கடியில் இருந்த பழைய பெட்டி அதற்கு முந்தின வாரம்தான் கருகிச் செத்துப்போயிருந்தது. உறுமியைத் துணைத்தலைவர் முந்திக்கொண்டு எடுத்துப் போயிருந்தார். ஆகவே வெதுவெது நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தார். பக்கவாட்டில் முழங்காலை மடித்துப் படுத்தால் மேசைக்கடியில் அளவாகப் பொருந்தினார். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் அவர் வயிற்றில் வைத்தார்.

"பெட்டியைவிட நல்லாயிருக்கே. சத்தமும் இல்ல."

சாப்பாடு வேளைக்கு வந்தது. வெதுவெதுக்கு உடம்பு தேறியது, சூடும் ஏறியது. அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான். மணிக்கொரு தரம் இருட்டில் முட்டையை எடுத்து இமையில் வைத்துப் பார்ப்பார். இமைக்குள் டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் கேட்கும். அவ்வளவு பெரிய கட்டிடத்தில் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பல ஊர்களிலிருந்து வாரியத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள விருந்தினர்கள் வந்த அன்று முட்டை விரிந்தது. முதலில் ஒரு கீறல், பிறகு ஒரு அலகு, பிறகு ஈரமும் நடுக்கமுமாக ஒரு குஞ்சு. வெதுவெதுக்கு அழுகை வந்தது, சத்தம் வராமல் அழுதார். ஈரக்குஞ்சு குளிரில் நடுங்கியது. இருக்கிற இடத்திலேயே கதகதப்பான இடம் எது என்று தடவிப் பார்த்தார். தன் வயிற்றுக்கும் தலைவரின் உள்ளங்காலுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழி இருந்தது. அதில் அதைப் பத்திரமாக வைத்தார்.

மேலே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "எங்க சாதனையை ஒரே வரியில சொல்லிடறேன். முன்னாடியெல்லாம் சூடு கண்ட கண்ட இடத்துக்குப் போய்க் கண்டதையும் உண்டாக்கிட்டிருந்துச்சு. இப்ப அது எங்க சேரணுமோ அங்க மட்டும்தான் சேருது." ஏதோ கூசியது. பேச்சை நிறுத்தாமலே காலை ஒரு அழுத்து அழுத்திக்கொண்டார். கூச்சம் நின்றது.

விருந்தினர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "கீழ ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே?"

"பழைய மாடல். அப்பப்ப கீச்சுன்னும்." தலைவர் குனிந்தார். "என்னய்யா, கீழ எப்படி இருக்கு?"

வெதுவெது அசையாத குஞ்சைக் கைநிறைய எடுத்தார். இடது இமையின் மேல் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார்.

"வெதுவெதுன்னு இருக்கு சார்."

"பாத்தீங்களா?" என்று தலைவர் விருந்தினர்களைப் பார்த்து நிமிர்ந்தார். "ஒரு துளி வீணாகலை."

விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லோரும் கையுறை போட்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை.